அம்மா உட்கார்ந்திருந்த வருஷங்கள்

என் அம்மாவை அவளுடைய பழைய தோழிகள் இன்றைக்கும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியொரு உயரம். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை அவளுக்கு. மேல்வரிசைப் பெட்டிகளில் கடிதம் போட மற்றவர்கள் முக்காலி தேடிக்கொண்டிருக்கும்போது, அம்மா நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிப் போட்டுவிடுவாளாம். அந்த நீளக் கையைப் பார்த்துத்தான் அலுவலக வாலிபால் அணியில் அவளைச் சேர்த்தார்கள். சேரும் நாள்வரை அவள் பந்தைத் தொட்டதில்லை.

அலுவலகத்துக்குப் பின்னால் தபால் மூட்டைகளை இறக்கும் சிமெண்ட் முற்றம் ஒன்று இருந்தது. சாயங்கால வண்டி போனதும் அதில் சுண்ணாம்புக் கோடு இழுத்து வலை கட்டுவார்கள். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதான் போவேன். காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டு ஆட்டம் பார்ப்பேன். சாக்குகளில் அரக்கும் பசையும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை இன்றைக்கு எங்கே முகர்ந்தாலும் எனக்குப் பந்துச் சத்தம் கேட்கிறது.

அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் குட்டி அத்தை. உறவு ஒன்றும் இல்லை. அம்மாவின் பக்கத்து மேஜைக்காரி. அம்மாவின் தோள் உயரம்கூட வரமாட்டாள். அவள் விரல் நுனியில் வாங்கி மேலே அனுப்பும் பந்துக்காக அம்மா எழும்புவாள். மேலே போனவள் கொஞ்சம் தாமதித்து இறங்குவதுபோல எனக்குத் தோன்றும். அதற்குள் எதிர்ப்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் இறங்கிவிட்டிருப்பார்கள். அப்புறம் ஓர் அடி. பந்து சிமெண்டில் பட்டு மதில்வரை போகும்.

அப்பா பஸ் ஓட்டுநர். வெளியூர் ஆட்டங்களுக்கு அணியை ஏற்றிப்போக வந்தவர். மற்ற ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். அப்பா மட்டும் மைதான ஓரத்தில் வந்து நின்றார். அடுத்த தடவையும் தன்னையே அனுப்பச் சொல்லி மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா ஒரு புள்ளி எடுத்தால் போதும், ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி ஹாரன் அடித்துவிட்டு வருவாராம். குட்டி அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: “உங்கப்பா ஹாரன் அடிச்சே பொண்ணு பிடிச்சவருடி.”

கல்யாணத்துக்குப் பிறகு அவருக்குத் தொலைதூர வழித்தடம் கிடைத்தது. சம்பளம் கூடியது, ஆள் வீட்டில் இல்லாமல் போனார். நான் பிறந்தபோது வெள்ளத்தில் அறுந்துபோன ஒரு சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். நான் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனதும், அம்மாவின் அப்பா இறந்ததும் அவர் இல்லாத நாட்களில்தான். ஓர் இறுதி ஆட்டத்தில் அம்மா கால் பிசகி விழுந்தாள். வலது முட்டி பந்துபோல வீங்கிவிட்டது. அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள் குட்டி அத்தை. அப்பாவுக்கு விஷயம் தெரிவதற்குள் வீக்கம் பாதி வடிந்திருந்தது. சரியாக ஆறுவதற்கு முன்பே அம்மா மறுபடி ஆடப் போனாள். சொன்னால் கேட்கிற ரகம் இல்லை அவள்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கினார்கள். லிஃப்ட் கிடையாது. காற்று வருகிறது, ஜன்னலில் நின்றால் தெரு முழுக்கத் தெரிகிறது என்று அம்மாதான் அதைப் பிடித்தாள். முதல் சில வருஷங்கள் அந்தப் படிகளை இருவரும் பேசிக்கொண்டே ஏறினார்கள். அப்புறம் அம்மாவின் முட்டி பேச ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கால் மடங்காது. கொஞ்சம் நடந்தால் சரியாகும். பிறகு இறங்கும்போது வலித்தது. பிறகு ஏறும்போதும். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், பழைய அடியும் வயதும் சேர்ந்து மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார்.

தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் கேட்ட சொல் அது. பிரேக் கட்டை தேய்கிறதா, குறைவாக மிதி. டயர் தேய்கிறதா, குறைவாக ஓட்டு. ஆக, அம்மாவின் முட்டி இன்னும் கொஞ்ச காலம் வர வேண்டுமென்றால் அதை ஓட்டக் கூடாது. முதலில் காய்கறிக் கடையை அவர் எடுத்துக்கொண்டார். மொட்டை மாடியில் துணி உலர்த்துவதும் அவரிடம் போயிற்று. அப்புறம் அம்மா தெருவுக்கு இறங்குவதே நின்றுபோனது. ஒரு நாள் நான் போயிருந்தபோது அடுப்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் துண்டு, கையில் கரண்டி, முகத்தில் புதுப் பேருந்து கிடைத்த ஓட்டுநரின் களை. அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று கீழ்வீட்டுத் தையல்காரர் மனைவி என்னிடம் பெருமூச்சு விட்டாள்.

நான் வேலை பார்ப்பது வேறு ஊரில். வாரந்தோறும் வீடியோவில் பேசுவோம். திரையில் அம்மாவின் முகம் மட்டும் தெரியும். முகம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. கேட்டால், மெலிந்திருக்கிறேன், முட்டிக்குப் பாரம் குறையும், நல்லதுதானே என்பாள். எல்லோரும் அதையே சொன்னார்கள். மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றபோது அடியில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தே இருப்பவளுக்கு என்ன பசி என்று சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். காலையில் அரை ரொட்டி, மதியம் ஒரு பிடி சோறு, அவ்வளவுதான்.

ஒரு காலை, கட்டில் விளிம்பிலிருந்து எழப்போனவள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. ஆனால் எழ முடியவில்லை. அப்பா தூக்கப் பார்த்தார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் தையல்காரர் கழுத்தில் நாடாவோடு ஓடி வந்து, இன்னொரு ஆளையும் கூப்பிட்டுத் தூக்கி உட்கார வைத்தார். நான் சேதி கேட்டு மறுநாள் போனேன். எதற்கும் அழாத அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “தரையிலேருந்து எழுந்திருக்கறது எப்படின்னே தெரியலடி எனக்கு” என்றாள். அந்தக் கை ஒரு காலத்தில் பந்தை மதிலுக்கு அனுப்பிய கை. என் உள்ளங்கைக்குள் அது காகிதம்போல இருந்தது.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை முதியோர் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நிதானமாகப் பேசும் பெண்மணி. முட்டியை அழுத்திப் பார்த்தார். கையின் பலத்தை அளக்கும் ஒரு கைப்பிடியைக் கொடுத்து முடிந்த மட்டும் இறுக்கச் சொன்னார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்கச் சொல்லி நேரம் பார்த்தார். பிறகு, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். அம்மா முன்னால் சாய்ந்தாள். முகம் சிவந்தது. உடம்பு எழவில்லை. அப்பாவின் கை தானாக அவள் அக்குளுக்குப் போயிற்று. மருத்துவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“முட்டி தேஞ்சிருக்கு, அது உண்மை” என்றார் அம்மாவிடம். “ஆனா உங்களை உக்கார வெச்சது முட்டி மட்டும் இல்லம்மா. வலிக்குதுன்னு உக்காந்தீங்க. உக்காந்ததால தொடைச் சதை கரைஞ்சுது. தொடை தாங்காததால முட்டிக்கு இன்னும் வலி. அதனால இன்னும் உக்காந்தீங்க. நீங்க மெலிஞ்சது கொழுப்பு கரைஞ்சு இல்ல, சதை கரைஞ்சு. இதுக்கு நலிவுன்னு பேரு. வயசாச்சுன்னு சொல்லி விட்டுடுவாங்க. விடக்கூடாது. முழுசா இல்லாட்டாலும் திருப்பலாம்.”

மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சை செய்துவிடலாமா என்று நான் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார் அவர். புது மூட்டு வைத்தாலும் அதை எழுப்பி நடத்துவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். அதை முதலில் சேர்ப்போம். தினமும் எழுந்து உட்காரும் பயிற்சி, நடை, சாப்பாட்டில் பால், பயறு, முட்டை. முட்டிக்கு மருந்து முட்டையா என்று அம்மா கேட்டாள். மருத்துவர் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க சார். அதுல பாதியைக் குறைச்சுக்கணும்” என்றார்.

வாடகைக் காரில் வீடு திரும்பினோம். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அப்பா, புது ஓட்டுநர் கியர் மாற்றியதைக்கூடக் குறை சொல்லவில்லை. அதிலிருந்தே எனக்கு விஷயம் எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கிறது என்று தெரிந்தது.

வீட்டில் எதுவும் மாறவில்லை. அம்மா தண்ணீர் என்று நினைப்பதற்குள் தம்ளர் வந்து நின்றது. பயிற்சிக்கு எழும்போது அவள் முகம் சுளித்தால் போதும், “போதும் போதும், உக்காரு” என்று தோளை அழுத்திவிடுவார். நான் சண்டை போட்டேன். தேய்ந்த சாமானைப் போட்டு ஓட்டச் சொல்கிறவர்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று அவரும் விடவில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று.

அந்த வாரக் கடைசியில் குட்டி அத்தை வந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. படிக்கட்டில் ‘டொக், டொக்’ என்று கைத்தடிச் சத்தம் கேட்டது. நடுவில் நிற்கும். மூச்சு வாங்கும் சத்தம். மறுபடி டொக். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினார். கீழேயிருந்து அவள் குரல் வந்தது:

“தொடாதீங்க டிரைவரே. நானே வருவேன்.”

வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கால்கள் இரண்டும் வில்போல வளைந்திருந்தன. தோளில் ஒரு பை, அதில் அம்மாவுக்கு அவளே வாங்கி வந்த பழங்கள். அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “என்னடி ஒட்டகம், பாதியாயிட்ட” என்றாள்.

டீ குடிக்கும்போது தன் முட்டியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு முட்டியிலும் எலும்போடு எலும்பு உரசுகிறதாம். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்த மருத்துவர், திரும்பி அவளைப் பார்த்து, நீங்களா நடந்து வந்தீர்கள் என்று கேட்டாராம். அம்மாவின் படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இது என்னுடையதைவிட நூறு மடங்கு தேவலாம் என்றாள்.

“அப்புறம் எப்படி அத்தை இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று கேட்டேன்.

“வேற எப்படி? அவரு போயிட்டாரு. பசங்க எங்கேயோ இருக்காங்க. எனக்குத் தண்ணி மோந்து குடுக்க ஆள் இல்ல. அதனால நடக்கறேன். வலிக்குது, திட்டிக்கிட்டே நடக்கறேன்.”

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை யாரையும் பார்க்காமல் சொன்னார். “எல்லாரும் என்னையே குத்தம் சொல்றீங்க. நான் இவகூட இருந்த நாளே கிடையாது. இவ பிரசவத்துக்கு இல்ல. கால் பிசகினப்ப இல்ல. எல்லாம் ரோட்டுலயே போச்சு. இப்பதான் பக்கத்துல இருந்து ஏதோ செய்யறேன். அதையும் குறைச்சுக்கன்னா எப்படி?”

“தெரியும்” என்றாள் அம்மா. “அதனாலதாங்க உக்காந்தேன்.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“முதல்ல நிஜமாவே முடியல. அப்புறம் சில நாள் எழுந்திருக்கலாம் போலதான் இருக்கும். நீங்க டீயைத் தூக்கிக்கிட்டு வர்ற முகத்தைப் பாத்தா எழுந்திருக்க மனசு வராது. இத்தனை வருஷம் கழிச்சு வீட்டுல உங்களுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. அதை ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன். பிறகு நிஜமாவே எழுந்திருக்கணும்னு நினைச்சப்ப, உடம்பு எழுந்திருக்கல.”

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். குட்டி அத்தைதான் பேசினாள்: “நல்ல ஜோடி போங்க. ஒருத்தருக்கொருத்தர் உபகாரம் பண்ணியே ஒருத்தியைப் படுக்கையில தள்ளப் பாத்திருக்கீங்க.”

மறுநாள் காலை அப்பா என்னிடம் வந்து, யாரும் கேட்காமலே, பஸ்ஸை வெகுநாள் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தார். பேட்டரி போகும். டயர் ஒரே பக்கம் அழுந்தி வடிவம் கெடும். ரப்பரெல்லாம் வெடிக்கும். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் சீக்கிரம் பழைய இரும்புக்குப் போகும். உள்ளேயிருந்து அம்மா, “அங்க யாரு வண்டி?” என்று கேட்டாள். அப்பா அன்றைக்குத் தண்ணீர் ஜாடியை அவள் நாற்காலிப் பக்கத்திலிருந்து எடுத்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டார்.

அது சுலபமாக நடந்ததென்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் அம்மாவுக்கு வலி கூடியது. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தும் பயந்தோம். போய்க் கேட்டபோது, மறுநாளும் தங்கும் வலி என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்றார். நாற்காலியின் மேல் தலையணை போட்டு உயரம் ஏற்றி, அதிலிருந்து எழப் பழகினாள். அப்புறம் தலையணையை எடுத்தோம். அப்பா எதிரே நின்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கட்டாவிட்டால் அது தானாக நீளும் என்று அவருக்குப் பயம். அவள் தடுமாறும்போது அவர் உதட்டைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுந்தவளைவிட அவருக்கு அதிகம் வியர்க்கும்.

நடைக்கு மாடி வராந்தா இருந்தது. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இருவரும் நடப்பார்கள். சும்மா நடந்தால் வலி தெரிகிறது என்று அம்மா பேச ஆரம்பித்தாள். அப்பா இல்லாத வருஷங்களைப் பற்றித்தான். மழையில் நனைந்த கடிதங்களை அலுவலகம் முழுக்கக் கயிறு கட்டிக் காயப்போட்டது. விலாசம் இல்லாமல் ‘என் தங்கைக்கு’ என்று மட்டும் எழுதிய கடிதத்தைக் கிழிக்க மனமில்லாமல் குட்டி அத்தை வெகுநாள் மேஜையில் வைத்திருந்தது. எனக்கு அம்மை போட்டபோது அணியே முறை வைத்து வந்து வீட்டில் இருந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் கால் பிசகியதற்கு முன்னால் எடுத்த புள்ளி எப்படிப்பட்டது என்பது. அப்பாவுக்கு இவை எதுவும் தெரியாது. அவர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து படுத்த வருஷங்கள் அவை. ஒரு கோடியில் நின்று, “அப்புறம்?” என்பார். அம்மா மறு கோடிக்கு நடந்தபடி சொல்வாள். விடுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகும் எனக்கு அந்த ‘அப்புறம்’ காதிலேயே இருந்தது.

மோதிரத்தில் சுற்றியிருந்த நூலை அவிழ்க்கப் பல மாதங்கள் ஆயின. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்த அன்று மருத்துவர் மறுபடி எழச் சொன்னார், பார்க்க ஆசையாக இருக்கிறது என்று. அடுத்த வருஷம் வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது; மறுநாளே ஊன்றுகோலோடு நின்றாள். தேய ஆரம்பித்திருந்த இடது முட்டியை அவள் தொட விடவில்லை, இது என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வரட்டும் என்று விட்டுவிட்டாள். பழைய உடம்பு திரும்பவில்லை. வெளியே போனால் தடி வேண்டும். சாயங்காலம் ஆனால் களைத்துப்போகிறாள். மழை நாளில் இரண்டு முட்டியும் சேர்ந்து படுத்துகின்றன. அப்பாவோ மதியத்தில் தூங்கப் பழகிவிட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருக்கு லேசாகத் தொந்தி விழுந்திருக்கிறது.

போன மாதம் சொல்லாமல் போயிருந்தேன். வீடு பூட்டியிருந்தது. தையல்காரரிடம் கேட்டேன். இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள், நேரமாகிறது, வருவார்கள் என்றார். பையை வைத்துவிட்டு மேல் படியில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துக் கீழே குரல் கேட்டது. அழுகிய தக்காளியை யார் பொறுக்கியது என்று ஒருவரை ஒருவர் சாடிக்கொண்டு வந்தார்கள். முதலில் அம்மாவின் தலை தெரிந்தது. ஒரு கையில் தடி, ஒரு கை கைப்பிடியில். பின்னால் இரண்டு பைகளோடு அப்பா. முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள். மூச்சு வாங்கினாள். அப்பாவும் நின்றார். பையைக் கீழே வைக்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார், சிக்னலில் நிற்பவர்போல.

மறுபடி ஏற ஆரம்பித்தவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து இறங்கப்போனேன்.

“எப்படி வந்த, என்னன்னு எல்லாம் மேல வந்து கேக்கறேன்” என்றாள் அம்மா. “முதல்ல வழிய விடு. இன்னொரு தடவை நின்னா மறுபடி கிளப்ப முடியாது.”